செஞ்சிக் கோட்டை ஏறப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கில் ஞாயிறு காலையில் எங்களோடு கொடிமலை ஏறுகிறவர்களில் பாதிப் பேர் அடிக்கடி தமிழ்நாட்டுக்குப் போய் வருகிறவர்கள்தான். கோயில், துணிக்கடை, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், அதோடு பயணம் முடிந்துவிடும். நான் நான்கு தடவை செஞ்சிக் கோட்டை ஏறி வந்திருக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்து வாட்ஸ்அப்பிலும், இறங்கி வந்து தே தாரிக் குடிக்கும்போதும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

செஞ்சி எங்க இருக்கு அக்கா? கேள்விப்பட்டதே இல்லையே.

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது, சென்னையிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் உள்ள ஊர். சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்கு அந்த வழியாகக் காரில் போயிருந்தால் கோட்டையைக் கடந்துதான் போயிருப்பீர்கள், சாலையே மலைகளுக்கு நடுவில்தான் போகிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பாறை மலைகள். மூன்றையும் முக்கோணமாக வளைத்து ஒரே மதில், சுற்றளவு 13 கிலோமீட்டர் வரும். ஒவ்வொரு மலை உச்சியிலும் தனித்தனியாக ஒரு கோட்டை. எல்லோரும் ஏறிப் பார்க்க ஆசைப்படுவது ராஜகிரியைத்தான், அதுதான் உயரமானது.

கோட்டைன்னா நம்ம கார்ன்வாலிஸ் கோட்டை மாதிரிதானே?

இல்லை. ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் இருக்கும் அந்தக் கோட்டையைக் கால் மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம், அங்கே ஒரு சண்டையும் நடந்ததில்லை. செஞ்சியில் மலையே கோட்டை. பெரிய பெரிய உருண்டைப் பாறைகளை அப்படியே விட்டுவிட்டு, பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த சந்துகளையெல்லாம் கல் வைத்து மதிலாக அடைத்திருக்கிறார்கள். கீழிருந்து பார்த்தால் எது பாறை எது சுவர் என்று பிரித்துச் சொல்வதே சிரமம். படியில் ஏறும்போது ஒரு வாசலைக் கடந்து திரும்பினால் இன்னொரு வாசல், அதற்கு மேல் இன்னொன்று. ஒவ்வொரு வாசலுக்கும் முன்னால் படி வளைந்து போகும், ஏறி வருகிறவன் நேராக ஓடிவர முடியாது, மேலே நிற்பவனுக்கு அவன் முதுகு தெரியும். இதை நின்று பார்த்துக்கொண்டே ஏறுங்கள். உச்சிக் காட்சியைவிட எனக்கு இந்த வாசல்கள்தான் பிடிக்கும்.

யார் கட்டினது? சிவாஜியா, தேசிங்கு ராஜாவா?

இரண்டு பேரும் கட்டவில்லை, இரண்டு பேருக்கும் முன்னாலேயே அது நின்றுகொண்டிருந்தது. ஏறக்குறைய 1200-ஆம் ஆண்டில் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் ராஜகிரியில் முதலில் கோட்டை எழுப்பினார், அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் அடுத்த மலையில் கட்டினார், அதனால்தான் அது கிருஷ்ணகிரி என்பது ஊர் வழக்கு. இன்று நீங்கள் பார்க்கும் பெரிய மதில்கள், களஞ்சியங்கள், கல்யாண மகால் எல்லாம் பெரும்பாலும் விஜயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் காலத்தவை.

அதற்கப்புறம் கை மாறிக்கொண்டே இருந்தது. 1649-இல் பீஜாப்பூர் சுல்தானிடம் போனது, 1677-இல் சிவாஜி பிடித்தார். சிவாஜியின் மகன் ராஜாராம் மகாராஷ்டிராவிலிருந்து தப்பி வந்து இங்கேதான் தங்கினார், அவரைப் பிடிக்க ஔரங்கசீப்பின் படை 1690-இல் முற்றுகை போட்டது, கோட்டை விழுந்தது 1698-இல். ஏறக்குறைய எட்டு வருஷம்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். ராஜகிரி உச்சியில் நின்று சுற்றிலும் இருக்கும் வெட்டவெளியைப் பார்க்கும்போது எட்டு வருஷம் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது தானாகப் புரியும். அப்புறம் 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள், 1780-இல் ஹைதர் அலி.

இந்த மராத்தியர் தொடர்பால்தான் 2025 ஜூலையில் மராத்தியக் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது செஞ்சியும் உள்ளே வந்தது. மற்ற 11-உம் மகாராஷ்டிராவில் இருக்கின்றன, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான்.

அப்போ தேசிங்கு ராஜா கதை பொய்யா? எங்க தாத்தா தோட்டத்துல பாட்டாவே பாடுவாரு.

பொய் இல்லை. எங்கள் தாத்தாவும் நிபோங் திபாலில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது ராத்திரியில் இந்தக் கதையைத்தான் சொல்வார், நான் முதல் தடவை செஞ்சிக்குப் போனதற்குக் காரணமே அதுதான். தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர். அவருடைய அப்பா சொரூப் சிங்கை முகலாயர்கள் கோட்டைத் தலைவராக வைத்தார்கள், அவர் இறந்ததும் மகன் பொறுப்பேற்றார். கப்பம் கட்டுவதில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு தகராறு வந்து, 1714-இல் நடந்த சண்டையில் தேசிங்கு இறந்தார். அப்போது அவருக்கு 22 வயதுதான் என்று சொல்கிறார்கள். பதவியில் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை.

குதிரை, நண்பன் மகமத்துக்கான், கல்யாணக் கோலத்தில் சண்டைக்கு வந்து உயிர்விட்டது, இதெல்லாம் பாட்டுக்காரர்கள் வளர்த்துக் கொடுத்தது, அதில் எவ்வளவு நடந்தது என்று அளந்து பார்க்க வேண்டியதில்லை. கணவனோடு உடன்கட்டை ஏறிய அவர் மனைவியின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வந்தது என்பார்கள். முந்நூறு வருஷம் கழித்து கடல் தாண்டி ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அந்தப் பையனுக்காக ஆட்கள் அழுதார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன்.

ஏறுறது எவ்வளவு கஷ்டம்? எனக்குப் பத்துமலை ஏறினாலே மூச்சு வாங்கும்.

ராஜகிரி அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 240 மீட்டர் உயரம். கொடிமலை 833 மீட்டர், அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் முழுக்க முழுக்கப் படி. பத்துமலையில் 272 படி, தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி, ராஜகிரியில் ஆயிரத்துக்கும் மேல். தண்ணீர்மலையை ஒரே மூச்சில் இரண்டு தடவை ஏறி இறங்க முடிகிறவர் ராஜகிரியையும் ஏறிவிடலாம் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் இரண்டு நாள் தண்ணீர்மலைக்குப் போங்கள், கோலாலம்பூர்க்காரர்கள் பத்துமலையை நான்கு தடவை ஏறி இறங்குங்கள்.

படி ஒரே அளவாக இருக்காது. சில இடத்தில் முழங்கால் உயரம், சில இடத்தில் பாதம் முழுசாகப் பதியாது. மெதுவாக ஏறினால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து ஏறக்குறைய 60 அடி ஆழத்துக்கு ஒரு பிளவு இருக்கிறது, அந்தக் காலத்தில் மரப்பாலத்தைத் தூக்கிவிட்டால் எவனும் தாண்ட முடியாது. இப்போது நிலையான பாலம் இருக்கிறது, கீழே பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் முன்னால் போகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுங்கள்.

அப்போ கொடிமலை ஏறுறவங்களுக்கு இது சாதாரணம்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். நம் காலுக்கு இது சாதாரணம், நம் உடம்புக்குச் சாதாரணம் இல்லை. நாம் பழகியது காட்டு நிழல், ஈரக் காற்று, சட்டை பிழியும் அளவுக்கு வியர்வை. செஞ்சியில் நிழலே கிடையாது, வெறும் பாறை, அதுவும் காலையிலிருந்து சூடேறிக்கொண்டே போகும் பாறை. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், அதனால் நமக்கு வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவோம். இங்கே நன்றாக ஏறுகிறவர்கள்தான் அங்கே போய் விழுகிறார்கள், ஏனென்றால் அவர்கள்தான் தைரியமாக 11 மணிக்கு ஏறுகிறார்கள்.

எங்கள் முதல் பயணத்தில் அதுதான் நடந்தது. சென்னையில் நாங்கள் அமர்த்திய வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது, பரவாயில்லை என்று 11 மணிக்குத்தான் படியில் கால் வைத்தோம். என் சித்தப்பா மகன், வாரம் தவறாமல் மலை ஏறுகிறவன், பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் வரும்போதே கெண்டைக்கால் பிடித்து உட்கார்ந்துவிட்டான், முகம் சிவந்து பேச்சு குழறியது. நனைத்த துண்டைத் தலையில் போட்டு, உப்பு சர்க்கரை கலந்த தண்ணீர் கொடுத்து, ஒரு மணி நேரம் பாறை இடுக்கு நிழலில் வைத்திருந்து கீழே கூட்டிவந்தோம். உச்சியைப் பார்க்காமலே ஊர் திரும்பினோம்.

சரி, எத்தனை மணிக்கு ஏறணும்? எவ்வளவு தண்ணி?

காலையில் கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். அதற்கு முந்தின ராத்திரி செஞ்சியிலோ திண்டிவனத்திலோ திருவண்ணாமலையிலோ தங்கிவிடுவதுதான் நல்லது, சென்னையிலிருந்து அன்றைக்கே கிளம்பி வருவது என்றால் நான்கு, நான்கரைக்கே வண்டி ஏற வேண்டும். மதியம் 3 மணிக்கு மேல் ராஜகிரியில் ஏற விடுவதில்லை, மாலை 5 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதைத் தவிர உப்புச் சத்துப் பொடி இரண்டு பாக்கெட், அங்கே எந்த மருந்துக் கடையிலும் ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் கொடுப்பார்கள். தொப்பி கட்டாயம். செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே இட்லி பொங்கல் பசியாறிவிட்டுப் போங்கள், மேலே கடை எதுவும் இல்லை.

எந்த மாசம் நல்லது? தீபாவளிக்கு அங்கதான் இருப்போம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. தீபாவளி சமயம் வடகிழக்குப் பருவமழைக் காலம், மழை பெய்தால் கல் படி வழுக்கும், மழை இல்லாத நாளாகப் பார்த்து ஏறலாம். ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கத்திரி வெயில் என்று அங்கே உள்ளவர்களே வெளியில் தலைகாட்டாத காலம் அது.

புரோகா மலை மாதிரி இருட்டுலயே ஏறி சூரிய உதயம் பார்க்க முடியுமா?

முடியாது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், நேரத்துக்கு முன்னால் உள்ளே விடமாட்டார்கள், மேலே கூடாரம் போட்டுத் தங்கவும் கூடாது. இருட்டில் சுவர் ஏறிக் குதித்துப் போன கதைகளை யாராவது சொன்னால் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத விளிம்புகள் நிறைய இருக்கின்றன.

கம்போங் அடிடாஸ் போட்டு ஏறலாமா?

நம் ஊர் ஈர மண்ணுக்கு அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்தைப் போல ஒன்று கிடையாது, தோட்டத்தில் பால்மரம் சீவப் போனவர்கள் போட்டு நடந்தது. பிடிமானம் செஞ்சியிலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்றுப் போக வழியில்லாத ரப்பர், சூடான பாறையில் இரண்டு மணி நேரம் நடந்தால் பாதம் வெந்துவிடும். சாதாரண ஓட்டச் சப்பாத்து, அடிப்பாகம் தேயாததாக இருந்தால் போதும். சிலிப்பர் வேண்டாம்.

குரங்கு இருக்கா?

ராஜகிரியில் நிறைய. தாவரவியல் பூங்காவில் நம் குரங்குகளோடு பழகிய அதே விதிதான்: கையில் பிளாஸ்டிக் பை தெரியக்கூடாது, தீனி கொடுக்கக்கூடாது, பல் தெரியச் சிரித்துக்கொண்டு கண்ணுக்குள் பார்க்கக்கூடாது. தண்ணீர்ப் போத்தலையும் பிடுங்கும், முக்கியமாக நிறமுள்ள பானம் என்றால் விடாது. எல்லாவற்றையும் முதுகுப் பைக்குள் வைத்து மூடுங்கள், ஒரு போத்தல் போனால் மேலே சொன்ன கணக்கில் பாதித் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

எங்க அம்மாவுக்கு 68 வயசு, முழங்கால் வலி. அவங்க என்ன செய்வாங்க, வண்டியிலேயே உட்காரணுமா?

தேவையே இல்லை. ராஜகிரி அடிவாரத்துக் கீழ்க்கோட்டை முழுக்கச் சமதரை, அதைப் பார்க்கவே இரண்டு மணி நேரம் ஆகும். அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பு மாதிரி முடியும் கல்யாண மகால், அதற்குச் சுட்டமண் குழாயில் தண்ணீர் கொண்டுபோன ஏற்பாடு, வளைவுக் கூரை போட்ட பெரிய களஞ்சியம், யானைக்குளம், குதிரை லாயம். கொஞ்சம் தள்ளி வெங்கடரமணர் கோயில், கோபுர வாசல் சுவரில் ராமாயணக் காட்சிகள், பாற்கடல் கடைவது எல்லாம் செதுக்கியிருக்கிறார்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துப்போனவை, அம்மா அதைப் பார்த்திருந்தால் இங்கே வந்ததும் அடையாளம் கண்டுகொள்வார்.

கல்யாண மகால் பக்கத்துப் புல்வெளியில் மரநிழல் உண்டு. நீங்கள் ஏறி இறங்கும் வரை ஒருவர் கூட இருந்தால் போதும்.

பேருந்துல போகலாமா, வண்டிதான் எடுக்கணுமா?

பேருந்தே போதும். சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகள் திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகின்றன, செஞ்சியில் இறங்கி ஆட்டோ. கோட்டை ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோக்காரரிடம் ராஜகிரி வாசல் என்று சொல்லுங்கள், சும்மா கோட்டை என்றால் சாலையோரத்திலேயே இருக்கும் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டுப் போய்விடக்கூடும். செஞ்சிக்கு ரயில் கிடையாது, ரயிலில் வருகிறவர்களுக்குத் திண்டிவனம், அங்கிருந்து 28 கிலோமீட்டர். பெரியவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டி எடுப்பதுதான் சுகம்.

பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் முடிச்சிட்டு அப்படியே காலையில செஞ்சி ஏறிடலாமா? 40 கிலோமீட்டர்தானே.

நம் ஆட்கள் அத்தனை பேரும் போடும் திட்டம் இதுதான், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ராத்திரி முழுக்கத் தூங்காமல் 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்தவருக்கு காலையில் ஆயிரம் படி ஏறும் உடம்பு இருக்காது, வெயிலைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அதோடு பௌர்ணமி அன்றைக்கு அந்தச் சாலையில் பேருந்தில் இடம் கிடைக்காது. முதலில் செஞ்சி, ஒரு நாள் ஓய்வு, அப்புறம் கிரிவலம் என்று மாற்றிப் போடுங்கள். அமாவாசையையும் தவிர்த்துவிடுங்கள், மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டம் செஞ்சி வழியாகத்தான் போகும்.

டிக்கெட்டுல வெளிநாட்டவருக்கு பல மடங்கு விலையாமே. நான் பார்க்க உள்ளூர் ஆள் மாதிரிதான், தமிழ்லயே பேசினா யாருக்குத் தெரியும்?

பேசிய இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும், நம் தமிழ் அவர்களுக்குத் தனியாகக் கேட்கும். அதை விடுங்கள், டிக்கெட்டைத் தீர்மானிப்பது முகமோ மொழியோ இல்லை, பாஸ்போர்ட். சார்க், பிம்ஸ்டெக் என்று இந்தியா சேர்ந்திருக்கும் இரண்டு நாட்டுக் கூட்டமைப்புகள் உண்டு, அவற்றில் உள்ள நாட்டவர்களுக்கு இந்தியர் கட்டணம்தான். இலங்கைத் தமிழருக்கு அது கிடைக்கும், ஹட்யாயிலிருந்து வரும் தாய்லாந்துக்காரருக்கும் கிடைக்கும், மலேசியா இரண்டிலும் இல்லாததால் நமக்குக் கிடைக்காது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் மலேசியர் இந்தியர் கட்டணமே கொடுக்கலாம், அட்டையைக் கையில் கொண்டுபோங்கள். மற்றவர்கள் முழுக் கட்டணம் கொடுத்துவிடுங்கள், அந்த மதில் இடியாமல் நிற்பதற்குத்தானே கொடுக்கிறோம். விசாவும் இதே மாதிரிதான், நமக்குக் கட்டாயம் வேண்டும். இ-விசாவுக்கு இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

ஒரே நாள்ல ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூணும் முடியுமா?

முதல் இரண்டும் முடியும். ராஜகிரியைக் காலையில் முடித்து, மதியம் ஊருக்குள் சாப்பிட்டு, மூன்று மணி வாக்கில் கிருஷ்ணகிரி. அது சின்னது, முக்கால் மணி நேரத்தில் உச்சி வரும். அங்கே குவிமாடம் போட்ட தர்பார் மண்டபத்தின் ஜன்னலில் உட்கார்ந்தால் காற்று அள்ளிக்கொண்டு போகும், எதிரில் ராஜகிரி முழுசாகத் தெரியும். எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று பாறையோடு சேர்த்து இரண்டு தொட்டிகள் இருக்கின்றன, முற்றுகைக் காலத்துக்குச் சேர்த்து வைத்தது. ஒரு மலைதான் ஏற முடியும் என்கிற உடம்புக்காரர்கள் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுங்கள், ராஜகிரியில் பாதியில் திரும்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

சந்திரகிரிக்குச் சரியான பாதை இல்லை, முள்ளும் புதரும்தான். போக வேண்டாம்.

ட்ரோன் கொண்டு வரலாமா? மேலேர்ந்து எடுத்தா அழகா இருக்குமே.

கொண்டு வராதீர்கள். ட்ரோன் இறக்குமதியை இந்தியா 2022-இல் தடை செய்துவிட்டது, விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கோட்டையிலும் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது.

பக்கத்துல வேற என்ன பார்க்கலாம்?

சிங்கவரம். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டர், மலையைக் குடைந்து செய்த பல்லவர் காலக் குகைக்கோயில், பாறையிலேயே செதுக்கிய பள்ளிகொண்ட ரங்கநாதர். அதற்குப் பக்கத்தில் திருநாதர் குன்று, ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரைச் சொல்லும் பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. யாரும் இல்லாத இடம், கேட்பது காற்றுச் சத்தம் மட்டும்தான்.

எங்க கொள்ளுத்தாத்தாவும் அந்தப் பக்கம்தான்னு சொல்வாங்க. பழைய காகிதத்துல ஊர் பேர் இருக்கு, தென்னார்க்காடுன்னு போட்டிருக்கு. அதே பயணத்துல தேட முடியுமா?

முடியும், ஆனால் இங்கிருந்து கிளம்பும் முன்பே வேலையைத் தொடங்குங்கள். தென்னார்க்காடு என்ற மாவட்டம் இப்போது இல்லை, 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரித்தார்கள், விழுப்புரத்திலிருந்து 2019-இல் கள்ளக்குறிச்சியும் தனியாகப் போனது. வடஆர்க்காடு என்று இருந்தால் இன்றைக்கு அது திருவண்ணாமலை மாவட்டமாகவும் இருக்கலாம். ஒரே பெயரில் மூன்று நான்கு ஊர் இருக்கும், அதனால் தாலுக்கா பெயர், குலதெய்வக் கோயில் பெயர், வீட்டுப் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும் ஏரி, மலை எதுவானாலும் எழுதி வையுங்கள். காகிதத்தில் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயராக இருந்தால் அதை வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பாருங்கள். என் தாத்தாவின் ஊர் எனக்கு அப்படித்தான் கிடைத்தது, குலதெய்வத்தின் பெயரைச் சொன்னதும் திண்டிவனத்தில் ஒரு டீக்கடைக்காரர் வழி சொன்னார்.

கோட்டையை முதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள், ஊரை மறுநாள். ஊருக்குள் போய், இன்னாருடைய பேத்தி, மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் மதியச் சாப்பாடு போடாமல் யாரும் உங்களை வெளியே விடப் போவதில்லை.